பின்னவன்

சொர்ணம் அத்தை சொல்லும் அந்தக் கதையைப் பிச்சையா பல வருடங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. நம்பாமலே அதற்குக் கட்டுப்பட்டு வாழ்ந்து முடித்துவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். இசக்கியின் சலூனில் கழுத்து வரை துணி போர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, சுற்றும் மின்விசிறியின் நடுவில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போதும் அந்தக் கதைதான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்தால் அறுபது. அவருக்கும், அவரோடு ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த சிதம்பரநாதனுக்கும் ஒரே மேடையில் மணிவிழா. மண்டபத்துக்கு வரப்போகும் ஐயர் நேற்று வீட்டுக்கு வந்து வரிசை சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூத்தவர் தம்பதியாக முதலில் மணையில் உட்கார வேண்டியது. இளையவர் தம்பதியாக வந்து அவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு அப்புறம் தன் மணைக்குப் போக வேண்டியது. "அறுபது வயசுக்காரர் அறுபது வயசுக்காரர் கால்ல விழறதை எல்லாரும் பார்க்க முடியுமா? இதுக்கே தனியா கூட்டம் வரும் பாருங்கோ" என்று அவர் சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. பிச்சையாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்து முடித்து வேறு பேச்சுக்குப் போன பிறகும் தன் வாய் திறந்தபடியே இருந்ததை அவர் கவனித்தார்.

கதை என்னவோ சின்னதுதான். அறுபது வருடங்களுக்கு முன்னால், ஊரில் அப்போதிருந்த மிஷன் ஆஸ்பத்திரி. வராந்தாவில் அத்தை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அத்தை அப்பாவின் தங்கை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், அன்றைக்கு அந்த வீட்டில் நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். உள்ளே அம்மாவுக்கு முதலில் பிறந்தது ஒல்லிப் பையன். கொஞ்ச நேரம் கழித்துப் பிறந்தது குண்டுப் பையன். இதில் யாருக்கும் தகராறு இல்லை, அம்மா சாகும்வரை அப்படித்தான் சொன்னாள். கதவைத் திறந்துகொண்டு வந்த வெள்ளைக்கார டாக்டரம்மா அத்தையைப் பார்த்து இரண்டும் ஆண் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாளாம். 'லேட்டர் இஸ் த எல்டர்.' பிந்தி வந்தவன்தான் மூத்தவன். அத்தை அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அதோடு முடிந்தது. குண்டு அண்ணன், ஒல்லி தம்பி. ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை ஏற்கெனவே இருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதலில் உள்ளே போனவன் கடைசியில்தானே வெளியே வருவான்! "டவுன் பஸ்ல மொதல்ல ஏறுனவன் உள்ள தள்ளிப் போயிருவாம்லா, எறங்கையில அவன்தாம்ல கடைசி" என்று அத்தையின் வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் விளக்குவார். கல்லூரியில் படிக்கும்போது பிச்சையா ஒரு டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வெளியே வந்த நேரம்தான் வயசு, இதில் பஸ்ஸாவது ரயிலாவது. அன்றிலிருந்துதான் சந்தேகம். படித்த டாக்டர், அதுவும் வெள்ளைக்காரி, இப்படி ஒரு பேச்சு பேசியிருப்பாளா? அப்படியென்றால் அத்தை கட்டிவிட்டாளா? அத்தை ஏன் கட்ட வேண்டும்? கேட்டால் என்ன? கேட்டால், அறுபது வயதாகியும் இவனுக்கு இந்தப் புத்தி போகவில்லை பார் என்பார்கள். முப்பதில் முப்பதைச் சொல்லி நிறுத்திக்கொண்டார், நாற்பதில் நாற்பதை.

"உங்க அண்ணாச்சி காலையில முத ஆளா வந்துட்டுப் போயிட்டாவ சார்" என்றான் இசக்கி, சோப்பு நுரையைத் தாடையில் குழைத்தபடி. "மை அடிச்சு பத்து வயசைக் கொறைச்சு அனுப்பிட்டேன். உங்களுக்கும் அடிச்சிருவமா?" வேண்டாம் என்றார் பிச்சையா. "வேண்டாம்னா விடுங்க. ஆனா ஒண்ணு, நாளைக்கு மேடையில உங்களைத்தான் மூத்தவருன்னு நெனைப்பாவ. அண்ணாச்சியை உங்க கால்ல விழ வச்சிருவாவ." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் அந்தக் காட்சி ஒரு கணம் வந்துவிட்டது. சிதம்பரநாதனின் அகன்ற முதுகு குனிகிறது, மை அடித்த தலை கீழே வருகிறது. சீ, என்ன நினைப்பு இது என்று அதை விரட்டினார். போய்விட்டுத் திரும்பி வந்தது. இந்தப் பாஷையில் வெறுமனே கூடப்பிறந்தவன் என்று ஒருவனைக் கூப்பிட முடியாது. அண்ணன் என்றோ தம்பி என்றோதான் கூப்பிட வேண்டும். வாயைத் திறக்கும்போதே அளந்தாக வேண்டும். வெள்ளைக்காரன் பிரதர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான், அளக்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் முன்னால் ஒரு எல்டர் போட்டுக்கொள்வான். நமக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் ஒரே வயிற்றில் ஒட்டிக் கிடந்த இரண்டு பேரில் ஒருவன் பெரியப்பா ஆனான், ஒருவன் சித்தப்பா ஆனான். ஒருவன் பெண்டாட்டி மதினி, இன்னொருவன் பெண்டாட்டி கொழுந்தியாள். சிதம்பரநாதனின் பேத்தி பிச்சையாவைச் சின்னத் தாத்தா என்கிறது. நல்ல பெண், மழலை. ஆனாலும் அந்தச் 'சின்ன' ஒவ்வொரு தடவையும் காதில் கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் போகிறது.

தாத்தாவின் பெயர் சிதம்பரநாதன். மூத்த பேரனுக்குத்தான் அது போகும், போயிற்று. இளையவனுக்குப் பிச்சையா. என்ஜினியரிங் காலேஜுக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றபோது அப்பா யோசிக்கக்கூட இல்லை. பிச்சையா பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். அதில் வருத்தம் இல்லை, இங்கிலீஷ்தான் சோறு போட்டது, பேராசிரியர் என்ற பெயரையும் கொடுத்தது. வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. வடிவாம்பாள் அவர் வேலை பார்த்த கல்லூரியிலேயே தாவரவியல் பாடம் எடுத்தாள். பச்சைக் கரை போட்ட புடவையில் ஆய்வகத்திலிருந்து வரும்போது விரல் நுனியில் எப்போதும் ஏதோ ஒரு சாயம் இருக்கும். அவள் வீட்டில் சம்மதம்தான். அப்பா சொன்ன ஒரே வாக்கியம், "அண்ணன் இருக்கையில தம்பிக்கு எப்படிடா?" அண்ணன் அப்போது குவைத்தில் இருந்தான், இன்னும் ஒரு வருடம் போகட்டும், இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று எழுதிக்கொண்டிருந்தான். வடிவாம்பாளின் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டுத் தூத்துக்குடியில் கொடுத்துவிட்டார்கள். அந்த முகூர்த்தத்துக்குப் பிச்சையா போயிருந்தார், பந்தியில் பரிமாறவும் செய்தார். இதை நினைக்கும்போதெல்லாம் நினைப்பு ஒரு இடத்தில் போய்த் தடுக்கும். வடிவு வந்திருந்தால் மங்கை மனைவியாக வந்திருக்க மாட்டாள். மங்கை இல்லாத இந்த வீட்டை, மங்கை இல்லாத இந்த முப்பது வருடத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்போது எதற்காக வருத்தம்? யாரை நோகிறோம்? தெரியாது. ஆனால் நோவு மட்டும் அந்த இடத்திலேயே, பழைய சுளுக்கு மாதிரி, குளிருக்குக் குளிர் எட்டிப் பார்க்கும்.

கத்தி காதோரத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. அசையக் கூடாது. அசையக் கூடாது என்றால் மனசு அதிகம் அசையும். மதுரைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொண்டிருக்கும் இலக்கணக் கையேட்டை நினைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒப்புமைச் சொற்கள் என்று ஒரு பகுதி. ஃபார்தர், ஃபர்தர். ஒன்று தூரத்துக்கு, மற்றது மேற்கொண்டு என்பதற்கு. லெஸ், ஃப்யூவர். எண்ண முடியாததற்கு முதலாவது, எண்ணக்கூடியதற்கு இரண்டாவது. ஓல்டர், எல்டர். இங்கேதான் நம் பிள்ளைகள் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். 'என்னைவிட' என்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எல்டருக்குப் பின்னால் ஒரு தேன் போட்டுவிடுவார்கள். 'ஹி இஸ் எல்டர் தேன் மீ.' முப்பது வருடம் சிவப்பு மையில் அடித்தாயிற்று. ஓல்டருக்குப் பின்னால்தான் தேன் வரும், அது வயசு, அளக்கலாம். எல்டருக்குப் பின்னால் தேன் வராது. அது குடும்பத்துக்குள் ஒரு இடம், அதை யாரோடும் வைத்து அளக்க முடியாது. அடுத்தது லேட்டரும் லேட்டரும். ஒன்று நேரத்தில் பிந்தியது. இன்னொன்று, நடுவில் இரண்டு டி போட்டு எழுதுவது, இரண்டைச் சொன்னால் அதில் இரண்டாவதாகச் சொன்னது. முன்னவன், பின்னவன் என்று வகுப்பில் தமிழில் சொல்லிக் கொடுப்பார். அதற்கு ஒரு நல்ல உதாரண வாக்கியம் இரண்டு நாளாகச் சிக்கவில்லை. காப்பியும் டீயும் கொடுத்தார்கள், அவன் பின்னதை எடுத்துக்கொண்டான். சப்பென்று இருக்கிறது. இதை எழுதினால் பதிப்பகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் பெண் இரண்டையும் ஒரே எழுத்தில் அடித்து அனுப்புவாள். போனில் சொன்னால் கேட்கவே வேண்டாம். அவள் மேல் என்ன குற்றம், சொல்லும் இவர் வாயிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன.

கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்த இசக்கியின் போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. தமிழில் வர்ணனை. திடீரென்று அதில் எல்லாரும் கத்தினார்கள். இசக்கி கத்தியை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அவுட்டு சார்! பேட்ல பட்டிருக்கு." ஓரத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "பேட்ல பட்டா எப்படிவே அவுட்டு?" என்று கேட்டார். "கையில இருக்க பேட் இல்ல அண்ணாச்சி. கால்ல கட்டியிருக்க பேட்." "அதைச் சொல்லும். ரெண்டையும் பேட்டுனு சொன்னா நான் எந்தப் பேட்டைக் கண்டேன்?" பிச்சையாவுக்குச் சிரிப்பு வந்தது, கத்தி மறுபடி கழுத்துக்கு வந்துவிட்டதால் அடக்கிக்கொண்டார். நம் வாய்க்கு எல்லாம் பேட்தான். வெள்ளைக்காரன் அந்த இடத்தில் போடுகிற சத்தம், அகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவில் வாயை அகல விரித்துப் போடுகிற அந்தச் சத்தம், நம்மிடம் எழுத்திலேயே கிடையாது. அதனால் அது காதில் விழுவதும் கிடையாது. பேங்க் என்கிறோம், மேட்ச் என்கிறோம், கேட் என்றால் பூனையா வாசல் கதவா என்று பக்கத்து வார்த்தையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த வார்த்தையில் அவன் அந்தச் சத்தத்தைப் போட்டாலும் நம் காது அதை ஏகாரமாக மாற்றித்தான் உள்ளே விடும். பேட், கேட், பேங்க், மேட்ச். லேட்டர்.

லேட்டர்.

"சார்!" இசக்கி கத்தியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினான். "என்ன சார் இது, நாளைக்கு மணிவிழாவை வச்சுக்கிட்டு! இப்படித் துள்ளுனா நான் எங்கன கோடு போடுதது?" ஒன்றுமில்லை என்றார் பிச்சையா, ஒன்றுமில்லை, நீ போடு. ஒன்றுமில்லையா! டாக்டரம்மா நேரத்தைச் சொல்லவே இல்லை. பிந்தி வந்தவனை அவள் சொல்லவே இல்லை. இரண்டு குழந்தைகளைப் பற்றி வரிசையாக ஏதோ சொல்லியிருக்கிறாள், முதலில் ஒருவனை, அடுத்து மற்றவனை. பிறகு, இரண்டாவதாகச் சொன்னேனே அவன்தான் மூத்தவன் என்று முடித்திருக்கிறாள். பின்னவன்! வாயை விரித்து அவள் சொன்ன அந்தச் சத்தம் வராந்தாவில் நின்ற இருபது வயசுப் பெண்ணின் தமிழ்க் காதுக்குள் போகும்போதே பிந்தியவனாக மாறிவிட்டது. ஊர் நம்பிக்கை வேறு தயாராகக் காத்திருந்தது. டவுன் பஸ் ஓடிவிட்டது. அறுபது வருடம் ஓடிவிட்டது. ஒரே ஒரு உயிரெழுத்து! பிச்சையாவுக்குப் போர்வைக்குள் கை இரண்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டன. தான் கிறுக்கனில்லை. அத்தை பொய் சொல்லவில்லை, டாக்டரும் பைத்தியக்காரத்தனமாகப் பேசவில்லை, எல்லாரும் யோக்கியர்கள், இலக்கணம்கூட யோக்கியம். இத்தனை வருடச் சந்தேகத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தது யார்? இந்த ஊரில் வேறு யார் கண்டுபிடித்திருக்க முடியும்? பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர்! இளையவன் என்பதால் தள்ளிவிடப்பட்ட அந்தப் படிப்பே இப்போது எழுந்து வந்து நீ இளையவன் இல்லை என்கிறதே. நாளைக்கு மேடையில் மைக்கை வாங்கி, ஐயரே கொஞ்சம் நிறுத்துங்கள், ஒரு சின்ன ஒலியியல் விஷயம் என்று ஆரம்பித்தால்? மதினி கொழுந்தியாள் ஆவாள். பெரியப்பா சித்தப்பா ஆவார். அந்தக் குழந்தை பெரிய தாத்தா என்று கூப்பிடப் பழக ஒரு வாரம் ஆகும். அகன்ற முதுகு குனியும்.

"முடிஞ்சுது சார்" என்று இசக்கி துணியை உதறினான். முகம் குளிர்ந்தது. தெருவில் இறங்கியபோது வெயில் இன்னும் கடுமையாக ஏறவில்லை, பூக்கடையில் நாளைக்கான மாலைகளுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பிச்சையா நடந்தார். முட்டி வலி இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. இரண்டு தெரு தள்ளி அத்தை வீடு. அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும். கேட்கத்தான் வேண்டுமா? அங்கே ஒரு முள் கிடந்தது. டாக்டரம்மா எந்த வரிசையில் சொன்னாள்? குண்டு, ஒல்லி என்று சொல்லியிருந்தால் பின்னவன் ஒல்லி, பிச்சையா மூத்தவர். ஒல்லி, குண்டு என்று சொல்லியிருந்தால் எல்லாம் திரும்பக் கவிழ்ந்துவிடும், சிதம்பரநாதனே மூத்தவன். ஆனால் அப்படி இருக்க முடியாது, முதலில் பிறந்தவனைத்தான் டாக்டர் மூத்தவன் என்பாள், முதலில் பிறந்தது ஒல்லி, அதனால் பின்னவன் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும். இருக்க வேண்டும். இருந்ததா? முப்பது வருடம் அடுத்தவன் விடைத்தாளைத் திருத்தியவன் இப்போது தன் பிறப்பையே திருத்தக் கிளம்பியிருக்கிறானோ? ஆசைப்பட்டதைத்தான் காது கேட்கிறதோ? அத்தைக்கு அன்றைக்கு நடந்தது இப்போது உனக்கு நடக்கிறதோ? நடை கொஞ்சம் தளர்ந்தது. பூக்கடைக்காரர், "சார், தம்பி மாலையில ரோஜா வேண்டாம்னாங்களே, மெய்யாவா?" என்று கூப்பிட்டார். தம்பி மாலை. அது தனக்குத்தான் என்று புரிய ஒரு விநாடி ஆனது.

போன் அடித்தது. சிதம்பரநாதன். "ஏலே பிச்சை, எங்கல இருக்க? இங்க உன் பொண்டாட்டி தேடுதா. முட்டி வலின்னு சொல்லி நாளைக்கு விழாம நழுவலாம்னு பாக்காத, நான் ரெண்டு நாளா ஆசீர்வாதம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்." மறுமுனையில் அவன் சிரிப்பு, பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது. பிச்சையா வாயைத் திறந்தார். இதோ இதுதான் நேரம். "அதெல்லாம் விழுதேன், அண்ணே" என்றது வாய். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை நாக்கிலேயே இருந்தது. அண்ணே. யாரும் சொல்லச் சொல்லவில்லை, தானாக வந்தது. அப்பா படுக்கையில் விழுந்த வருடம் குவைத் வேலையை விட்டுவிட்டு வந்து, மூன்று வருடம் அவர் மலத்தை அள்ளியவன் அவன். பிச்சையாவுக்குத் தேர்வு வேலை இருக்கிறது, நீ போடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியவன். யாரும் கேட்காமல் செய்தான். ஏன் செய்தான்? அண்ணன் என்று சொல்லி வைத்துவிட்டார்கள், அதனால் செய்தான். பிச்சையா நடுத்தெருவில் நின்றுவிட்டார். சிவப்பு மையில் முப்பது வருடம் அடித்தவனுக்கு இது இப்போதுதானா விளங்க வேண்டும்? எல்டருக்குப் பின்னால் தேன் வராது. அவன் எல்டர். அது அவன் உட்கார்ந்து வேலை பார்த்த நாற்காலி. நான் ஓல்டர். ஹி இஸ் எல்டர், ஐ ஆம் ஓல்டர் தேன் ஹிம். இரண்டு வாக்கியமும் சரி! ஒன்று மற்றதை அடிக்காது! ஒரு பிழைகூட இல்லாத இரண்டு வாக்கியங்கள்! சைக்கிளில் போன யாரோ மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். பிச்சையா நகரவில்லை. நாளைக்கு விழலாம். மூத்தவன் தெரிந்தே தம்பி காலில் விழுவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும், அந்த மனசு தன்னிடம் இருப்பதை நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. வரிசை மட்டும் தெரிந்தால் போதும். அந்த ஒரு முள்.

அத்தை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புது ஜாக்கெட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எண்பது வயதுக்கு விரல் நடுங்கவில்லை. "வாய்யா மருமவனே. மொகம் பளபளன்னு இருக்கு, நாளைக்கு மெய்யாவே புதுப் பொண்ணு கட்டிருவ போல. இந்த டெய்லர் எடுவட்ட பய கையை எப்படித் தச்சிருக்கான் பாரு, கோழிக்காலு நுழையாது." பிச்சையா எதிரில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார். "அத்தை, நாங்க பொறந்த கதையைச் சொல்லுங்க" என்றார். "உங்க அண்ணன் நாளைக்கு மைக்ல சொல்லச் சொல்லியிருக்கான். அதுக்கு ஒத்திகை பாக்க வந்தியாக்கும்?" என்று சிரித்துவிட்டு அவள் ஆரம்பித்தாள், எல்லாக் கல்யாணங்களிலும் சொல்கிற அதே ராகத்தில். வராந்தா, டெட்டால் வாசனை, கதவு. அவர் இடையில் புகுந்தார். "அந்த டாக்டரம்மா மூத்தவன் பேச்சை எடுக்கதுக்கு முன்னாடி எங்களைப் பத்தி என்ன சொன்னா? சரியா, அவ சொன்ன மாதிரியே." அத்தை ஜாக்கெட்டை மடியில் வைத்தாள். "ரெண்டு பயலுவன்னா. ஒன் இஸ் பிக். ஒன் இஸ் வெரி, வெரி ஸ்மால்னா." "பிக்கைத்தான் மொதல்ல சொன்னாளா?" "அதைத்தான் மொதல்ல சொன்னா." "அதுக்கப்புறம்தான் அந்த வார்த்தையா?" "அதுக்கப்புறம்தான்."

முள் போய்விட்டது. உடம்புக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது, முதுகெலும்பே ஒரு விரற்கடை வளர்ந்த மாதிரி. பிச்சையா எழுந்து நின்றுவிட்டார். வகுப்பறையில் நிற்பது போலவே நின்று, பேட்டிலிருந்து தொடங்கினார். பேங்க், மேட்ச், கேட், காலில் கட்டுகிற பேட், கையில் பிடிக்கிற பேட். நம் காது இருக்கிறதே அத்தை, அது அந்தச் சத்தத்தை உள்ளே விடாது. அவ சொன்னது பிந்தியவன் இல்லை. பின்னவன். ரெண்டாவதா சொன்னவன். வெரி வெரி ஸ்மால். "லேட்டர் வேற அத்தை, லே... லாட்டர் வேற" என்றபோது தன் வாய் தடுமாறியதை உணர்ந்து அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அந்த வெட்கத்தைத் தாண்டிக்கொண்டு சந்தோஷம் வந்தது. "உங்க மேல தப்பே இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும். நாளைக்கு நான் ஒண்ணும் மாத்தப் போறதில்ல, அண்ணன் கால்ல நான்தான் விழப்போறேன், சந்தோஷமா விழப்போறேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. "லாட்டர்னு இல்லய்யா அவ சொன்னது" என்றாள் மெதுவாக. "அது வேற மாதிரி." வாயைப் பக்கவாட்டில் அகல விரித்து, நாக்கைக் கீழே படுக்க வைத்து, அகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவிலிருந்து அதைச் சொன்னாள். முப்பது வருடம் மேடையில் நின்று பாடம் எடுத்தும் பிச்சையாவின் வாய்க்கு ஒருநாளும் படியாத அந்தச் சத்தம், சுத்தமாக, வெள்ளைக்காரியின் குரலே எழுந்து வந்த மாதிரி, அந்தச் சின்ன அறையில் விழுந்தது. சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க தாத்தாவுக்கு அன்னைக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் வீட்டுக்குள்ள போனதும் கண்ணைத் தொறந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ. மூத்தது எது, தூக்கிட்டு வா, பேரை வச்சிட்டுப் போறேன்னாவ. ஆஸ்பத்திரியில அந்தத் தடியன் காலை ஒதறிக்கிட்டு கெடந்தான். நீ பஞ்சுல சுத்தி, நீலம் பாரிச்சு, ஒரு சத்தமும் இல்லாம..." ஜாக்கெட்டை எடுத்தாள், ஊசியைத் தேடினாள், அது கையில்தான் இருந்தது.

பிச்சையா மறுபடி உட்கார்ந்தார். கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வேறு ஒன்று வந்தது, முதலில் பயம் மாதிரி, பிறகு பயத்தைப் பிளந்துகொண்டு. அன்றைக்கு அவள் ஒரு பெயரை, நிலைக்கும் என்று தோன்றிய ஒரு உயிரில் பத்திரமாக வைக்கப் பார்த்தாள், வைத்துவிட்டாள். பிச்சை என்று இன்னொன்றுக்குப் பெயர் வைத்தது யாராவது உயிர்ப்பிச்சை போட்டால் நிற்கட்டும் என்றுதான். நின்றது. பால் குடித்து, சைக்கிள் ஓட்டி, காதலித்துத் தோற்று, மங்கையைக் கட்டி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எல்டருக்குப் பின்னால் தேன் வராது என்று சொல்லிக் கொடுத்து, நாளைக்கு மாலை போட்டுக்கொள்ள இப்போது முகம் மழித்துவிட்டு வந்து நிற்கிறது. சிதம்பரநாதனுக்கு அறுபது வயது வருவதை அன்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அது வந்தது. இந்த அறுபதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வராந்தாவில் நின்ற ஒருத்திகூட. பிச்சையாவின் நெஞ்சு முழுக்க ஒரு பெரிய சிரிப்பு ஏறி வந்தது, அதை அடக்காமல் முகத்தில் விட்டுக்கொண்டே அவர் முன்னால் குனிந்து, அத்தையின் கையிலிருந்த ஊசியை மெல்ல வாங்கிக்கொண்டு கேட்டார்:

"அத்தை, அவ சொன்னது அன்னைக்கே உங்க காதுல சரியாத்தான விழுந்துச்சு?"